ஏஎம்ஒய்1: எண்ணி முடிப்பதற்குள் எழுதப்பட்ட கதை

மனிதப் பரிணாமம் பற்றிப் பொதுவாசகர்களுக்காக எழுதப்படும் புத்தகங்களில் இரண்டு உதாரணங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று பால், இன்னொன்று எச்சில். பால் கதையில் எனக்குப் பெரிய புகார் எதுவும் இல்லை. லாக்டேஸ் மரபணுவுக்கு அருகே ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் வளர்ந்த பிறகும் பால் செரிக்கிறது என்று 2002இல் பின்லாந்துக்காரர்கள் காட்டினார்கள். எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம், பால் செரிக்கிறதா இல்லையா என்றும் பார்க்கலாம். இரண்டு முனையும் கைக்குள் இருக்கிறது.

எச்சில் கதை அப்படி இல்லை. அது வழக்கமாக இப்படிச் சொல்லப்படும்: மனிதன் விவசாயத்துக்கு வந்தான், மாவுச்சத்து அதிகம் தின்ன ஆரம்பித்தான், அதைச் செரிக்க எச்சிலில் உள்ள அமிலேஸ் மரபணுவின் நகல்கள் பெருகின. யாரிடம் நகல் குறைவோ அவர்களுக்குச் சோறும் ரொட்டியும் ஒத்துக்கொள்ளாது, உடம்பு பெருத்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஒரு கதை இல்லை. உணவுக்கும் நகல் எண்ணிக்கைக்கும் தொடர்பு உண்டு என்பது ஒன்று, நகல் கூடினால் செரிமானம் கூடும் என்பது வேறொன்று, நகல் குறைந்தால் குண்டாவோம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதாரத்தின் கனம் ஒரே மாதிரி கிடையாது. கோந்து போட்டு ஒட்டிவிட்டதால் ஒன்றின் நம்பகத்தன்மை மற்றதற்கும் ஊறிப்போய்விட்டது.

இந்தக் கதையைத் தூக்கி நிறுத்தியவை இரண்டு ஆய்வுக்கட்டுரைகள். 2007இல் ஜார்ஜ் பெர்ரி, நத்தானியல் டொமினி குழு எழுதியது ஒன்று. 2014இல் மாரியோ ஃபால்கி குழு எழுதியது இன்னொன்று. இரண்டும் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: ஒருவரிடம் எத்தனை நகல் இருக்கிறது என்று சரியாக எண்ணினீர்களா? இந்தக் கேள்வியைச் சோதிக்க ஒரு எளிய வழி 1989இலிருந்தே அச்சில் இருந்தது என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். குரோமோசோம் 1இன் குட்டைக் கையில் அமிலேஸ் மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. கணையத்தில் சுரப்பதற்கு ஏஎம்ஒய்2ஏ, ஏஎம்ஒய்2பி. எச்சிலில் சுரப்பதற்கு ஏஎம்ஒய்1. பள்ளிக்கூடத்தில் டயலின் என்று படித்திருப்போமே, அது இதுதான். ஏஎம்ஒய்1 எங்கிருந்தோ புதிதாக வந்ததில்லை; கணைய மரபணுவின் நகல், எச்சில் சுரப்பிக்குக் குடிபெயர்ந்தது. குடிபெயர்த்ததில் பெரும்பங்கு அதன் முன்னால் என்றோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு ரெட்ரோவைரஸ் துண்டுக்கு. மிரியம் மெய்ஸ்லர் குழு 1992இல் மனிதனின் அந்தத் துண்டை எலிகளில் வைத்துப் பார்த்து, எச்சில் சுரப்பியில் மரபணு இயங்க அது தேவை என்று காட்டியது. வைரஸ் விட்டுப்போன குப்பை ஒன்று நமக்கு வாயிலேயே செரிமானத்தை ஆரம்பித்து வைத்திருக்கிறது. இந்தக் கதைக்குக் கிடைக்க வேண்டிய புகழ் கிடைக்கவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

சிம்பன்சியிடம் ஏஎம்ஒய்1 இரண்டு நகல்தான், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. மனிதரிடம் ஆளுக்கு ஆள் மாறும்: இரண்டும் உண்டு, பதினைந்தும் உண்டு. இப்போது கவனிக்க வேண்டிய விஷயம். மனிதனின் ரெஃபரன்ஸ் ஜீனோமில் ஒரு குரோமோசோமில் மூன்று ஏஎம்ஒய்1 இருக்கிறது. கூடும்போது அவை ஒவ்வொன்றாகக் கூடுவதில்லை, பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத்தான். அதனால் ஒரு குரோமோசோமில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகவே வரும். நெதர்லாந்தில் கிரூட் என்பவரின் குழு 1989இல் இதை ஒரு சூத்திரமாகவே எழுதி வைத்தது. ஒவ்வொருவரிடமும் குரோமோசோம் இரண்டு. ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை. ஆகவே ஒரு கூட்டத்தில் நகல்களை எண்ணினால் 2, 4, 6, 8, 10 என்பவை உயர்ந்தும் 3, 5, 7, 9 என்பவை தாழ்ந்தும், சீப்பின் பற்கள் மாதிரி வரைபடம் வர வேண்டும்.

மென்பொருளில் இதைப் பாரிட்டி செக் என்போம். தகவலோடு ஒரு பிட் கூடுதலாக அனுப்பி, மொத்தம் இரட்டையாக வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் வழியில் எங்கோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஏஎம்ஒய்1 விஷயத்தில் இயற்கையே இந்தப் பிட்டை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. விதிவிலக்கு உண்டு, இல்லாமல் இல்லை. ஏஎம்ஒய்1 இரட்டைப்படையாக இருக்கும் குரோமோசோம்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலும் பக்கத்துக் கணைய மரபணுவும் கூடியோ தொலைந்தோ இருக்கும். ஆக விதிவிலக்கைக்கூடத் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி 2007. பெர்ரி குழு ஏழு மக்கள் கூட்டங்களை எடுத்தது. மாவுச்சத்து அதிகம் உண்பவர்கள் என்று ஐரோப்பிய அமெரிக்கர் 50, ஜப்பானியர் 45, தான்சானியாவின் ஹட்சா மக்கள் 38. குறைவாக உண்பவர்கள் என்று மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் பியாகா 36, ம்புட்டி 15, தான்சானியாவில் ஆடுமாடு மேய்க்கும் டாடோக் 17, சைபீரியாவின் யாகுட் 25. முதல் பிரிவில் சராசரி 6.72 நகல், இரண்டாவதில் 5.44. ஆறோ அதற்கு மேலோ நகல் உள்ளவர்கள் முதல் பிரிவில் 70%, இரண்டாவதில் 37%.

இந்தக் கட்டுரையின் புத்திசாலித்தனத்தை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். ஹட்சாவும் டாடோக்கும் ஒரே நாடு. ஜப்பானியரும் யாகுட்டும் ஆசியா. பக்கத்தில் இருப்பவர்களை எதிரெதிர்ப் பிரிவில் போட்டதால், 'இது உணவு இல்லை, வம்சாவளி' என்று யாரும் சுலபமாகத் தட்டிவிட முடியாது. ஜப்பானியர், யாகுட் வித்தியாசத்தை மரபணுத்தொகுதியின் மற்ற பல இடங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சும்மா சராசரி எடுத்துவிட்டுப் போகவில்லை.

கதையைத் திரும்பச் சொல்பவர்கள் ஒரு விவரத்தை வசதியாக விட்டுவிடுகிறார்கள். ஹட்சா மக்கள் விவசாயிகளே கிடையாது! வேட்டையாடி, கிழங்கு தோண்டித் தின்பவர்கள். கிழங்கில் மாவுச்சத்து இருப்பதால்தான் அவர்கள் முதல் பிரிவில் வந்தார்கள். அதாவது 2007 கட்டுரை பேசியது மாவுச்சத்தைப் பற்றி. 'விவசாயம் நம் மரபணுவை மாற்றியது' என்பது பின்னால் வந்தவர்கள் மாட்டிய தலைப்பு. கட்டுரையின் மூன்று தூண்களில் ஒன்று விவசாயமே தெரியாத மக்கள்.

ஆனாலும் கட்டுரைக்குள்ளேயே எனக்கு இரண்டு இடறல். முதலாவது, 226 பேர் என்பது பெரிய எண் மாதிரி தெரிகிறது, ஆனால் உணவுமுறை என்பது ஆளுக்கு ஆள் அளக்கப்படவில்லை, கூட்டத்துக்கு ஒன்றாக ஒட்டப்பட்ட லேபிள். அப்படியானால் உண்மையான மாதிரி அளவு 226 இல்லை, 7. ஏழில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 35 வழி. மூன்று 'அதிக' கூட்டங்களும் பிசகாமல் மேலே வந்து உட்கார்ந்தாலும்கூட, குருட்டாம்போக்கில் அது நடக்கும் வாய்ப்பு 35இல் 1, கிட்டத்தட்ட 3%. சுவாரஸ்யமான தடயம்தான், தீர்ப்பு எழுதும் அளவுக்கு இல்லை.

இரண்டாவது, எண்ணிய கருவி. அன்றைக்குக் கையில் இருந்தது ரியல்டைம் பிசிஆர். அது எப்படி எண்ணுகிறது என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். பிசிஆர் ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏவை இரட்டிப்பாக்கும். ஆரம்பத்தில் நகல் அதிகம் இருந்தால் குறிப்பிட்ட அளவை எட்டக் குறைவான சுற்று போதும். எத்தனை சுற்று மிச்சமாகிறது என்பதிலிருந்து நகல் எண்ணிக்கையைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். ஆகவே அளப்பது மடக்கையில். 2 நகலுக்கும் 3 நகலுக்கும் வித்தியாசம் 0.58 சுற்று, பார்த்துவிடலாம். 10க்கும் 11க்கும் வித்தியாசம் 0.14 சுற்று. ஒரே மாதிரியைத் திரும்ப ஓட்டினாலே அந்த அளவு ஆட்டம் காண்பது சாதாரணம். இதை இலக்கம் இலக்கமாக 'இவருக்கு 11' என்று எழுதுவது, மளிகைக்கடைத் தராசில் தங்கம் நிறுப்பது போலத்தான்.

தராசு ஆடினால் என்ன ஆகும்? 10 இருப்பவர் 9ஆகவும் 11ஆகவும் பதிவாவார். சீப்பின் பற்கள் மழுங்கி, வரைபடம் வழவழப்பான மேடாகிவிடும். பார்க்க அழகாக, புள்ளியியல் பாடப்புத்தக மணிவடிவம் மாதிரி இருக்கும். அந்த அழகுதான் அபாய மணி.

2007 கட்டுரைக்கு இந்த ஆட்டத்தால் பெரிய சேதம் இல்லை என்றே நினைக்கிறேன். கூட்டத்தின் சராசரிதான் அவர்களுக்குத் தேவை. ஆளுக்கு ஆள் பிழை இரு பக்கமும் விழுந்தால் சராசரியில் அது கரைந்துபோகும். ஃபைபர் ஃபிஷ் என்ற முறையில் சில பேரின் டிஎன்ஏ இழைகளை நீட்டிவைத்து, ஒளிரும் சாயத்தால் நகல்களைக் கண்ணாலும் பார்த்தார்கள். மொட்டையான கத்திதான், ஆனால் வெட்டியது பூசணிக்காய்.

2014 கட்டுரை அதே மாதிரிக் கத்தியை எடுத்துக்கொண்டு முடியைப் பிளக்கப் போனது.

ஃபால்கி குழு சொன்னது: ஏஎம்ஒய்1 நகல் குறைந்தால் உடல் பருமன் கூடும். 6,200 பேரில் மறுபடி சோதித்து உறுதி செய்ததாகச் சொன்னார்கள். ஒரு நகல் குறைந்தால் பருமன் ஏற்படும் வாய்ப்பு விகிதம் 1.19 மடங்கு. ஆனால் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்ந்த எண் அது இல்லை, 'எட்டு மடங்கு'. 9க்கு மேல் நகல் உள்ளவர்களுக்கும் 4க்குக் கீழ் உள்ளவர்களுக்கும் இடையே எட்டு மடங்கு வித்தியாசம் என்று கட்டுரைச் சுருக்கத்திலேயே இருக்கிறது, 1.19லிருந்து வருவிக்கப்பட்டது என்ற குறிப்போடு.

வருவித்துப் பார்ப்போம். 1.19ஐ 1.19ஆல் பெருக்கிக்கொண்டே போனால் எட்டைத் தொட 12 முறை பெருக்க வேண்டும். அதாவது 2 நகல்காரரை 14 நகல்காரரோடு ஒப்பிட வேண்டும். 3 நகலையும் 10 நகலையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 7 படி, மடங்கு 3.4. 4ஐயும் 9ஐயும் ஒப்பிட்டால் 2.4. எட்டு மடங்கு வருவது வால்நுனிகளில் மட்டும், அதுவும் ஒவ்வொரு படியும் ஒரே அளவு பெருக்கும் என்ற அனுமானத்தை அங்கே வரை இழுத்தால்தான். அந்த நுனிகள்தான் கருவி அதிகமாகத் தடுமாறும் இடம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதே சுருக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது, யாரும் தலைப்பாக்கவில்லை. ஒரு நகலுக்கு பிஎம்ஐ 0.15 குறைகிறது. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு அது சுமார் 400 கிராம். 4 நகலுக்கும் 9 நகலுக்கும் வித்தியாசம் 2 கிலோ. ஒரே ஆய்வு, ஒரே தரவு. 'எட்டு மடங்கு' என்றும் சொல்லலாம், 'இரண்டு கிலோ' என்றும் சொல்லலாம். எதைச் சொன்னார்கள் என்பதை நாம் அறிவோம்.

இரண்டு கிலோவாவது உண்மையா? 2007இல் எஃப்டிஓ என்ற மரபணுப் பகுதி உடல் எடையோடு தொடர்புள்ளது என்று கிட்டத்தட்ட 39,000 பேரில் காட்டினார்கள். இரு குரோமோசோமிலும் அந்த மாற்றம் இருப்பவர் சராசரியாக 3 கிலோ கூடுதல், பருமன் வாய்ப்பு 1.67 மடங்கு. மரபணுத்தொகுதி முழுக்கச் சலிக்கும் ஆய்வுகளில் எஃப்டிஓ ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கும். ஏஎம்ஒய்1 இருக்கும் இடமோ அதே சல்லடையில் சத்தமே போடவில்லை. எஃப்டிஓவைவிடப் பெரியதாகச் சொல்லப்பட்ட ஒன்று சல்லடையில் சிக்காமல் போனால், ஒன்று சல்லடையில் ஓட்டை, இல்லை சொன்னது பிசகு. சல்லடையில் ஓட்டை என்று வாதாட இடமிருந்தது, ஏனென்றால் அந்த ஆய்வுகள் தனி எழுத்து மாற்றங்களைத்தான் பார்க்கும், நகல்களை எண்ணாது.

2015இல் கிறிஸ்டினா அஷர், ஸ்டீவன் மெக்கரோல் குழு இதை முடித்துவைத்தது. அவர்கள் செய்த முதல் வேலை ஒழுங்காக எண்ணியது. டிராப்லெட் டிஜிட்டல் பிசிஆர் என்ற முறையில் மாதிரியை ஆயிரக்கணக்கான நுண்துளிகளாகப் பிரித்து, எத்தனை துளியில் மரபணு இருக்கிறது, எத்தனையில் இல்லை என்று நேரடியாக எண்ணுகிறார்கள். மடக்கை வித்தை இல்லை. எண்ணியதும் என்ன தெரிந்தது? சீப்பின் பற்கள்! பெரும்பாலானவர்களிடம் நகல் இரட்டைப்படை. கிரூட் குழு கால் நூற்றாண்டுக்கு முன்னால் சொன்னது அப்படியே வந்து நின்றது. பிறகு எஸ்டோனியாவில் பருத்தவர், ஒல்லியானவர் என்று 1,000 பேர், வேறு இரண்டு குழுக்களில் சுமார் 3,500 பேர். ஃபால்கி குழு சொன்ன விளைவின் கீழ் எல்லை உண்மையாக இருந்தாலே 99% நிச்சயமாகப் பிடித்துவிடும் அளவு வலிமையான ஆய்வு. தொடர்பு எதுவும் இல்லை. அருகிலுள்ள தனி எழுத்து மாற்றங்கள் நகல் எண்ணிக்கையோடு ஓரளவு ஒத்துப்போகின்றன, அவற்றுக்கும் எடையோடு சம்பந்தம் இல்லை. சல்லடை ஓட்டை வாதமும் அதோடு அடிபட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அஷர் கட்டுரையைச் சந்தோஷமாகப் பகிர்பவர்கள் பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். 'கருவி ஆடியது, அதனால் பொய்த் தொடர்பு வந்தது' என்று சொன்னால் அது முழு விளக்கம் ஆகாது. தாறுமாறாக விழும் பிழை ஒரு தொடர்பை மங்கச் செய்யும், இல்லாத தொடர்பை உண்டாக்காது. பொய்த் தொடர்பு வர, பிழை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், அல்லது பல இடங்களில் தேடி ஓங்கியதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். 2014 கட்டுரையில் எது நடந்தது என்று அச்சிட்ட பக்கங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. என் குற்றச்சாட்டு அதைவிடச் சின்னது, ஆனால் எளிதில் தவிர்த்திருக்கக்கூடியது. ஒற்றை இரட்டைச் சோதனை ஒரு ஹிஸ்டோகிராம் போடும் வேலை. முதலில் அதைப் போட்டுப் பார்த்து, பற்கள் தெரியவில்லை என்றால் 'நம் எண்ணிக்கை இலக்கத்துக்கு நம்பகமில்லை' என்று தெரிந்திருக்கும். எங்கள் தொழிலில் செக்சம் தோற்ற ஃபைலை எடுத்துக்கொண்டு யாரும் அடுத்த கட்டத்துக்குப் போகமாட்டார்கள்.

சரி, எடை பற்றிய கதை போனது. நடுவில் இருக்கும் வாக்கியத்துக்கு வருவோம்: நகல் கூடினால் செரிமானம் கூடுமா? கதையின் பலவீனமான பலகை என்று நான் நினைப்பது இதைத்தான், பலரும் தாண்டிக் குதித்துப் போவதும் இதைத்தான்.

சோறு வாயில் இருப்பது சில நொடி. வயிற்றுக்குள் போனதும் அமிலம் அமிலேஸை முடக்கும். விழுங்கிய உருண்டையின் உள்பக்கம் அமிலம் ஊறும்வரை கொஞ்ச நேரம் வேலை நடக்கும், அவ்வளவுதான். மாவுச்சத்தின் பெரும்பகுதி உடைவது சிறுகுடலில், கணைய அமிலேஸால். இன்னொன்று, எச்சிலோ கணையமோ, அமிலேஸ் குளுக்கோஸைத் தயாரிப்பதில்லை. நீண்ட சங்கிலியை மால்டோஸ், டெக்ஸ்ட்ரின் என்று துண்டாக்கி விடுகிறது. அந்தத் துண்டுகளைக் குளுக்கோஸாக்குவது குடல்சுவரில் உள்ள வேறு என்சைம்கள். தொடர் ஓட்டத்தில் முதல் ஓட்டக்காரரின் வேகத்தை மட்டும் வைத்து யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பெர்ரி குழுவுக்கு இது தெரியாமல் இல்லை. வயிற்றுப்போக்கு வரும் காலத்தில் குடலில் உணவு தங்காது, அப்போது வாயிலேயே கொஞ்சம் செரித்திருந்தால் உயிர் தப்பும் என்றொரு விளக்கம் கொடுத்தார்கள். குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்த உலகத்தில் இது நடக்கக்கூடியதுதான். நடந்தது என்று காட்டுவதற்கு அது போதாது. நகல் எண்ணிக்கைக்கும் எச்சிலில் உள்ள என்சைம் அளவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று 2007லேயே காட்டினார்கள், ஆனால் புள்ளிகள் நிறையச் சிதறிக் கிடக்கும். எச்சில் அமிலேஸ் மன அழுத்தத்தில் ஏறும், நாளின் நேரத்துக்குத் தகுந்து மாறும். அழுத்தத்தை அளக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2012இல் ஏபிகேல் மாண்டல், பால் பிரெஸ்லின் இருவரும் எச்சிலில் அமிலேஸ் அதிகமுள்ள 7 பேர், குறைவாக உள்ள 7 பேர் என்று பிரித்து மாவுச்சத்து கொடுத்துப் பார்த்தார்கள். அமிலேஸ் அதிகமுள்ளவர்களுக்கு ரத்தச் சர்க்கரை குறைவாகத்தான் ஏறியது. 'நகல் அதிகம் என்றால் மாவுச்சத்து உடனே சர்க்கரையாகி ரத்தத்தில் பாயும்' என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இதைப் படித்திருக்கிறார்களா என்பது சந்தேகம். வாயில் இனிப்பு தட்டியதும் உடம்பு இன்சுலினை முன்கூட்டியே தயார் செய்கிறது என்பது அவர்கள் விளக்கம். எனக்குப் பிடித்த விளக்கம். ஆனால் 14 பேர். பிடித்திருக்கிறது என்பதற்காக 14ஐ 1,400 ஆக்கிவிட முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க நாய் நல்ல உதாரணம். 2013இல் எரிக் ஆக்செல்சன் குழு நேச்சர் இதழில் எழுதியது. ஓநாயிடம் ஏஎம்ஒய்2பி இரண்டு நகல், நாயிடம் 4லிருந்து 30 வரை. பொதுவாக 'மனிதனைப் போலவே நாயும்' என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். ஆனால் நாயிடம் பெருகியது கணைய அமிலேஸ், எச்சில் இல்லை. அந்த ஆய்வில் நகலோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். கணையத்தில் மரபணு இயங்கும் அளவு 28 மடங்கு, ரத்தத்தில் என்சைம் செயல்பாடு 4.7 மடங்கு என்று அடுத்தடுத்த படிகளையும் அளந்தார்கள். அடுத்த கட்டத்தில் மால்டோஸை உடைக்கும் என்சைம், குளுக்கோஸை உள்ளிழுக்கும் புரதம் இவற்றிலும் மாற்றத்தின் தடம் இருந்தது. தொடர் ஓட்டத்தின் எல்லா ஓட்டக்காரர்களையும் பார்த்திருக்கிறார்கள். மனித எச்சில் விஷயத்தில் முதல் ஆள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

2024இல் கதை திரும்பவும் சூடுபிடித்தது, இந்த முறை நல்ல காரணத்துக்காக. நீளமான டிஎன்ஏ துண்டுகளை அப்படியே படிக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. ஒன்றுபோலவே இருக்கும் நகல்கள் வரிசையாக நிற்கும்போது, சின்னத் துண்டுகளைப் படித்து ஒட்டினால் எது எங்கே என்று குழம்பும். ஒரே வார்ப்பில் கட்டிய ஹவுசிங் போர்டு வீடுகளை அறை அறையாகப் புகைப்படம் எடுத்து எது எந்த வீடு என்று கண்டுபிடிப்பது போல. நீளமாகப் படித்தால் தெருவையே ஒரே படத்தில் பார்க்கலாம்.

பீட்டர் சுட்மன்ட், எரிக் காரிசன் குழுக்கள் நேச்சரில் எழுதிய கட்டுரை இப்படி 94 முழு வரிசைகளையும், இன்றைய மனிதர், பண்டைய மனிதர் சேர்த்து சுமார் 5,600 பேரின் தரவையும் எடுத்தது. இந்த இடத்துக்கு 28 வெவ்வேறு அமைப்புகள் உண்டு என்று கண்டார்கள். ஏஎம்ஒய்1 நகல் கூடுவதும் குறைவதும் தனி எழுத்து மாற்றத்தைவிட 10,000 மடங்குக்கும் மேலான வேகம் வரை போகிறது. 533 பண்டைய மரபணுத்தொகுதிகளைக் கால வரிசையில் வைத்தபோது, மேற்கு யூரேசியாவில் கடந்த 12,000 ஆண்டுகளில் நகல் கூடிய வரிசைகள் வேகமாகப் பெருகியிருந்தன. வேளாண் மக்களிடம் நகல் எண்ணிக்கை மீனவர், வேட்டையாடுவோர், மேய்ப்பரைவிட அதிகம்.

அப்படியானால் 2007 கட்டுரை ஜெயித்துவிட்டதா? திசையில் ஆமாம். இந்தத் தடவை ஆதாரமே வேறு ரகம்: லேபிள் ஒட்டிய ஏழு கூட்டங்களை வைத்து ஊகிக்காமல், காலத்தினூடே மாறுவதையே பார்த்திருக்கிறார்கள். என்றாலும் விடை சரியாக வந்ததால் வழியும் சரி என்று 2007க்கு முழு மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை. அதே வழிதான் ஏழு வருடம் கழித்து 2014இன் பள்ளத்துக்கும் கூட்டிப்போனது.

அதே ஆண்டு சயன்ஸ் இதழில் ஓமர் கோக்சுமென், சார்லஸ் லீ குழுவின் கட்டுரை. இது கதையின் வரிசையையே புரட்டிப் போடுகிறது. விவசாயத்துக்கு முன்பு வாழ்ந்த வேட்டைக்காரர்களிடமே சராசரியாக 4 முதல் 8 நகல் இருந்திருக்கிறது. பார்த்த பண்டைய மரபணுத்தொகுதிகளில் ஒன்று சைபீரியாவில் கிடைத்த 45,000 ஆண்டு பழசு. முதல் இரட்டிப்பு 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, நியாண்டர்தாலும் நாமும் பிரிவதற்கு முன்பே நடந்திருக்கலாம் என்கிறார்கள். ஆக விவசாயம் நகல்களை உண்டாக்கவில்லை. நகல்கள் ஏற்கெனவே கூடவும் குறையவும் ஆடிக்கொண்டிருந்தன. உழவு வந்த பிறகு சில இடங்களில் கூடிய பக்கம் கை ஓங்கியது. 'தேவைப்பட்டது, அதனால் வந்தது' என்பதற்கும் 'இருந்தது, பின்னால் உதவியது' என்பதற்கும் நடுவில் பரிணாமவியலே இருக்கிறது.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை மணி அடிக்கத் தோன்றுகிறது. 8 லட்சம் என்றதும் நெருப்பு, சமையல் என்று முடிச்சுப் போடும் ஆசை கிளம்பிவிட்டது. இஸ்ரேலில் கெஷர் பெனோட் யாகோவ் என்ற இடத்தில் ஏறக்குறைய 7,80,000 ஆண்டுகளுக்கு முன் நெருப்பைக் கையாண்ட தடயம் இருக்கிறது, பச்சை மாவுச்சத்தைவிட வெந்ததை அமிலேஸ் சுலபமாக உடைக்கும், எண்கள் பொருந்துகின்றன! ஆனால் இரட்டிப்பின் தேதி பெரிய இடைவெளி கொண்ட மதிப்பீடு. ஒரு இரட்டிப்பு தற்செயலாக நடந்து எந்தப் பலனும் இல்லாமலே நிலைத்திருக்கலாம். இரண்டு மங்கலான தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்ததை வைத்துக் காரணகாரியம் பேசினால், 2007க்குப் பிறகு நடந்ததே திரும்ப நடக்கும்.

நம்மூரில் இந்தக் கதை வேறு வேஷம் போடுகிறது. 'பரம்பரையாகச் சோறு தின்கிறவர்கள், நமக்கு இந்த மரபணு அதிகம், அரிசி நமக்கு ஒன்றும் செய்யாது' என்று ஒரு கட்சி. 'நமக்குக் குறைவு, அதனால்தான் சர்க்கரை நோய்' என்று எதிர்க்கட்சி. இரண்டு பேரும் அதே 2007 ஆய்வைக் காட்டுவார்கள். அந்த ஏழு கூட்டங்களில் தெற்காசியர் ஒருவர்கூட இல்லை. 2024 நேச்சர் ஆய்வு பயன்படுத்திய 1000 ஜீனோம்ஸ் தொகுப்பில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர், தெலுங்கர் மாதிரிகள் உண்டு, அது நல்ல விஷயம். ஆனால் நகல் பெருகியதைக் காலவரிசையில் காட்டிய ஆதாரம் மேற்கு யூரேசியாவின் எலும்புகளிலிருந்து வந்தது. குளிர் நிலத்தில் டிஎன்ஏ தங்கும், நம் வெயிலிலும் ஈரத்திலும் அழிந்துபோகும். நெல் விளைந்த தென்னிந்தியாவுக்கு அதே மாதிரி ஒரு காலவரிசை போட எலும்பும் வேண்டும், அதில் டிஎன்ஏவும் மிஞ்சியிருக்க வேண்டும்.

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் 'உங்கள் கார்போஹைட்ரேட் தாங்குதிறன்: குறைவு' என்று வண்ண அறிக்கை அனுப்பும் சேவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றில் மலிவானவை பயன்படுத்தும் சிப், டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் உள்ள தனி எழுத்துகளைப் படிப்பது. அது ஏஎம்ஒய்1 நகல்களை எண்ணுவதில்லை. பக்கத்து எழுத்துகளை வைத்து நகலை ஊகிக்கலாம்தான், ஆனால் அந்த ஒற்றுமை ஓரளவுதான் என்று 2015லேயே சொல்லியாகிவிட்டது. எண்ணிக்கை இப்படி ஊகம், எண்ணிக்கையிலிருந்து எடைக்குப் போகும் பாலம் இடிந்த பாலம், அறிக்கையில் மட்டும் எண் தசம ஸ்தானத்தோடு வருகிறது. எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். 'எங்கள் அல்காரிதம்' என்பார்கள்.